விடிய விடிய ஓடும் ஒரே கட்டளை! பழைய கணினியின் கம்பைல் அதிசயங்கள்... தெரியுமா?

‘மேக்’ என்று ஒரே ஒரு சொல். அடித்து எண்டரைத் தட்டினால் போதும்! புத்தம் புதுக் கணினி சில நிமிடங்களில் முடிக்கிற வேலையை, இருபது வருடத்துக் கணினி விடிய விடியச் செய்யும். அதற்கும் மூத்தது நாள்கணக்கில் செய்யும். ஆனாலும் செய்து முடிக்கும்! ரவாங், செரண்டா, பத்து ஆராங், பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் என்று நம் வட்டாரத்து வீடுகளில் அலமாரிக்கு மேல் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினிகளுக்குள் எத்தனை வியப்புகள் இருக்கின்றன தெரியுமா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

கம்பைல் என்றால் என்ன தெரியுமா?

தோட்டத்தில் வெட்டிய பாலை அப்படியே விற்றுவிட முடியுமா? உறைய வைக்க வேண்டும், உருளையில் கொடுக்க வேண்டும், புகையில் உலர்த்த வேண்டும். அப்புறம்தான் அது ரப்பர் ஷீட். மென்பொருளும் அப்படித்தான்! மனிதர் எழுதுவது மூலநிரல். அதை கம்பைலர் என்ற இன்னொரு மென்பொருள் வரி வரியாகப் படித்து, அலசி, புராசசருக்குப் புரியும் எண்களாக மாற்றினால்தான் கணினியில் ஓடும். கட்டற்ற மென்பொருளில் அந்த மூலநிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் கணினிக்கு ஏற்றபடி கம்பைல் செய்துகொள்ளலாம். பணம் வேண்டாம், நேரம் மட்டும் வேண்டும்!

மலாயாவில் மின்சாரம் முதலில் எரிந்தது எங்கே தெரியுமா?

நம்ம ரவாங்கில்! 1894இல் இங்கிருந்த ஈயச் சுரங்க வேலைக்காக கே. தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். தீபகற்ப மலேசியாவில் மின்சாரம் பயன்பட்டதற்குப் பதிவான முதல் சான்று அதுதான். பத்துமலை முருகன் கோயிலையும் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலையும் எழுப்பிய அதே தம்புசாமிப் பிள்ளை! 200 வாட் இழுக்கும் ஒரு பழைய கணினி ஒரு நாள் முழுக்க கம்பைல் செய்தால் 4.8 யூனிட் கரண்டு ஆகும். அந்தக் கரண்டின் கதையை இந்த மண்ணில் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் தமிழர் என்பது எவ்வளவு பெரிய பெருமை!

உங்கள் கணினிக்குள் மலேசியா இருப்பது தெரியுமா?

பழைய மதர்போர்டில் உறுப்புகளை ஒட்டிப் பிடித்திருக்கும் சால்டரில் ஏறக்குறைய 63 சதவீதம் வெள்ளீயம். ஆம், சிலாங்கூர் மண்ணைத் தோண்டித் தோண்டி எடுத்தார்களே, அதே உலோகம்! இன்னொன்று கேளுங்கள். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது பினாங்கில், 1972இல். பழைய பென்டியம் புராசசர் பலவற்றின் முதுகில் ‘மலாய்’ என்று பொறித்திருக்கும். விசிறியைக் கழற்றிப் பாருங்கள். இரவெல்லாம் கம்பைல் செய்து சூடேறுகிற அந்தச் சில்லு நம் நாட்டிலேயே பூட்டி முடிக்கப்பட்டதாக இருக்கலாம்!

பத்தாயிரம் வரி நாலு கோடியானது தெரியுமா?

1991 செப்டம்பரில் வெளிவந்த லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் 0.01 பதிப்பில் மொத்தமே 10,239 வரிகள்தான். அதை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் வைத்திருந்தது 33 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 4 மெகாபைட் நினைவகமும் கொண்ட ஒரு 386 கணினி. 1994இல் 1.0 பதிப்பு வந்தபோது 1,76,250 வரிகள். 2025 தொடக்கத்தில் நாலு கோடியைத் தாண்டிவிட்டது! கணினிகள் வேகமாகிக்கொண்டே வந்தாலும் கம்பைல் நேரம் அடியோடு மறைந்துவிடாமல் இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? புராசசர் ஓட ஓட, நிரலும் கூடவே வளர்கிறது. அதனால் பழைய கணினிக்குப் பழைய பதிப்பு என்றால் வேலை சுருக்கமாக முடியும். அந்தப் பழைய பதிப்புகள் இன்றும் அழியாமல் கிடைக்கின்றன என்பது அடுத்த அதிசயம்!

2 மெகாபைட் கணினி லினக்ஸையே மாற்றியது தெரியுமா?

இது பலருக்கும் தெரியாத கதை! 1991 இறுதியில் ஜெர்மனியில் ஒருவர் லினக்ஸை கம்பைல் செய்து பார்க்க ஆசைப்பட்டார். அவர் கணினியில் இருந்ததோ வெறும் 2 மெகாபைட் நினைவகம். போதவில்லை. டோர்வால்ட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? “பெரிய கணினி வாங்கு” என்று திருப்பி அனுப்பவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, நினைவகம் நிரம்பினால் மிச்சத்தை வன்தட்டில் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் வசதியை எழுதிச் சேர்த்தார். 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில் அது இருந்தது. இன்று உலகமெங்கும் லினக்ஸ் கணினிகளில் ‘ஸ்வாப்’ என்று சொல்கிறோமே, அது லினக்ஸுக்குள் வந்ததே கம்பைல் செய்ய முடியாமல் தவித்த ஒரு சின்னக் கணினியால்தான்! வசதி குறைந்தவர் ஒருவரின் தேவை எல்லாருக்கும் வரமானது. திறமூலத்தின் அழகே இதுதான்.

“எவ்வளவு நேரம் ஆகும்?” என்ற கேள்விக்கு ஓர் அளவுகோலே இருப்பது தெரியுமா?

ஒரு மென்பொருளை கம்பைல் செய்ய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. உங்கள் கணினி வேறு, என் கணினி வேறு! 1999இல் ஜெரார்டு பீக்மன்ஸ் தொடங்கிய ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்’ என்ற திட்டம் இதற்கு அருமையான வழி கண்டது. முழு இயங்குதளத்தையும் மூலநிரலிலிருந்து ஒவ்வொன்றாக நாமே கட்டுவதற்கு வழிகாட்டும் நூல் அது. அதில் முதலில் கம்பைல் செய்வது ‘பினுட்டில்ஸ்’ என்ற பொதி. அதற்கு உங்கள் கணினி எடுக்கும் நேரம் எதுவோ, அதுவே ஓர் ‘எஸ்.பி.யு.’! மற்ற எல்லாப் பொதிகளின் நேரமும் அந்த அலகில்தான் தரப்பட்டிருக்கும்.

உங்கள் கணினி பினுட்டில்ஸை 2 நிமிடத்தில் முடித்தால், 10 எஸ்.பி.யு. பொதிக்கு 20 நிமிடம். பழைய கணினி அதே பினுட்டில்ஸுக்கு அரை மணி எடுத்தால், அதே பொதிக்கு 5 மணி நேரம்! கணினி எதுவானாலும் கணக்கு ஒன்றே. எவ்வளவு எளிய, எவ்வளவு நியாயமான அளவுகோல்!

தன்னைத் தானே மூன்று முறை கட்டிக்கொள்ளும் மென்பொருள் தெரியுமா?

அதுதான் ஜி.சி.சி.! ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட கம்பைலர். அதை மூலநிரலிலிருந்து கட்டும்போது, கணினியில் ஏற்கெனவே இருக்கும் கம்பைலர் முதல் ஜி.சி.சி.யைக் கட்டும். அந்த முதலாவது, இரண்டாவதைக் கட்டும். இரண்டாவது, மூன்றாவதைக் கட்டும். கடைசியில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். மாறியிருந்தால் எங்கோ தவறு! பழைய கணினிகளில் ஜி.சி.சி. கட்ட இரவும் பகலும் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். சோம்பல் இல்லை, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் நேர்மை!

பாதியில் கரண்டு போனால் என்ன ஆகும் தெரியுமா?

சாயங்காலம் ஆனால் இடியும் மின்னலும் வாங்குகிற ஊர் நம்முடையது. எட்டு மணி நேரம் ஓடிய கம்பைல், ஒன்பதாவது மணியில் கரண்டு போய் நின்றால்? முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை! மறுபடி ‘மேக்’ என்று அடித்தால் போதும், முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் தொடரும். நின்ற நொடியில் பாதி எழுதப்பட்டிருந்த கோப்பை மட்டும் அழித்துவிட்டால் நல்லது.

இந்த மாயத்தைச் செய்தவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். 1976இல் பெல் ஆய்வகத்தில் அவருடைய சக ஊழியர் ஒருவர், சரியாக இருந்த நிரலில் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிழை தேடிக்கொண்டிருந்தார். பிழையை முன்பே திருத்தியாகிவிட்டது, திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான் மறந்துவிட்டார்! அந்த வீண் அலைச்சல் இனி யாருக்கும் வரக்கூடாது என்றுதான் ‘மேக்’ பிறந்தது. ஒவ்வொரு கோப்பும் எப்போது மாறியது என்று பார்த்து, மாறியதை மட்டும் கட்டும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய அந்த யோசனைதான் இன்றும் பழைய கணினிகளைக் காப்பாற்றுகிறது!

ஒரு சின்ன பேட்டரி கம்பைலைக் குழப்பிவிடும், தெரியுமா?

‘மேக்’ நேரத்தைப் பார்த்து வேலை செய்கிறது என்றோம் அல்லவா? பழைய கணினியின் மதர்போர்டில் காசு போல ஒரு வட்டப் பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டால் கணினியின் கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போய்விடும். நேற்று இறக்கிய கோப்பு ‘எதிர்காலத்தில்’ எழுதப்பட்டதாகத் தோன்றும்! கடிகாரம் பிசகியிருக்கிறது, வேலை முழுமையாக இல்லாமல் போகலாம் என்று ‘மேக்’ எச்சரிக்கும். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கிற ஒரு பேட்டரி, நீண்ட இரவின் உழைப்பைக் காப்பாற்றும்!

கம்பைலர் ஒரு வைத்தியர் என்பது தெரியுமா?

1990களில் பலருக்கு ஒரு புதிர். எல்லா வேலைக்கும் நன்றாக ஓடுகிற கணினி, லினக்ஸின் கருவான கெர்னலை கம்பைல் செய்யும்போது மட்டும் ‘சிக்னல் 11’ என்று சொல்லி நின்றுவிடும்! நெதர்லாந்தைச் சேர்ந்த ரோகியர் வுல்ஃப் இதற்கென்றே ஒரு விளக்கக் குறிப்பு எழுதினார். காரணம் மென்பொருளில் இல்லை, பெரும்பாலும் நினைவகச் சில்லில்! கம்பைலர் நினைவகத்தின் மூலை முடுக்கெல்லாம் பயன்படுத்தும். ஒரே ஒரு பிட் புரண்டாலும் தடுக்கி விழும். எப்படிக் கண்டுபிடிப்பது? மறுபடி ஓட்டுங்கள். அதே வரியில் நின்றால் பெரும்பாலும் நிரலில் கோளாறு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் வன்பொருளில் கோளாறு. நினைவகமோ, சூடோ, மின்வழங்கியோ! நம் ஊர்ப் புழுக்கத்தில் விசிறியில் தூசி அடைத்திருந்தாலே இது நடக்கும். கம்பைலைத் தொடங்குமுன் விசிறியைத் துடைப்பது முதல் வைத்தியம்.

இருபது மெகாபைட்டை இறக்காமலே புதுப்பிக்கலாம், தெரியுமா?

2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4.0இன் மூலநிரல் சுருக்கிய பிறகும் சுமார் 20 மெகாபைட். தொலைபேசிக் கம்பி வழியாக 56 கே மோடத்தில் இறக்கினால், தடங்கலே இல்லாவிட்டாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல்! ஆனால் அடுத்த பதிப்புக்கு முழுவதையும் மறுபடி இறக்க வேண்டியதில்லை. மாறிய வரிகளை மட்டும் கொண்ட சின்னக் கோப்பு போதும். அதைப் பழைய மூலநிரலில் ஒட்டித் தருவது ‘பேட்ச்’ என்ற மென்பொருள். 1985இல் அதை எழுதியவர் லாரி வால். பிறகு பெர்ல் என்ற நிரல்மொழியைப் படைத்தாரே, அவரேதான்!

பெங்குவின் பெயரில் ஒரு பொறுமை விளையாட்டு தெரியுமா?

பெங்குவின்களில் மிக வேகமாக நீந்துவது ஜென்டூ. அந்தப் பெயரில் டேனியல் ராபின்ஸ் உருவாக்கிய லினக்ஸ் வகையின் 1.0 பதிப்பு 2002 மார்ச்சில் வந்தது. அதில் எந்த மென்பொருளை நிறுவினாலும் மூலநிரலை இறக்கி, உங்கள் புராசசருக்கு ஏற்றபடி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யும். பெரிய அலுவலகத் தொகுப்புகளைத் தூங்கப் போகுமுன் தொடங்கி, காலையில் எழுந்து பார்ப்பது ஜென்டூ பயனர்களின் வாடிக்கை. முன்பு எவ்வளவு நேரம் எடுத்தது என்ற பதிவைப் பார்த்து, இப்போது இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் ‘ஜென்லாப்’ என்ற கருவியும் உண்டு! 2023 டிசம்பரில் ஜென்டூவும், விரும்புவோருக்குக் கட்டி முடித்த பொதிகளைப் பெரிய அளவில் தரத் தொடங்கியது. பழைய கணினிக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி!

வேகம் போதாமல் வெளியேறிய கணினிகள் தெரியுமா?

அமிகா, அடாரி, பழைய மெக்கின்டாஷ் கணினிகளில் இருந்தது மோட்டரோலாவின் 68000 குடும்பப் புராசசர். டெபியன் என்ற லினக்ஸ் வகை அவற்றையும் தாங்கியது. ஆனால் ஆயிரக்கணக்கான பொதிகள் புதுப்பிக்கப்படும் வேகத்துக்கு அந்தக் கணினிகளின் கம்பைல் வேகம் ஈடுகொடுக்கவில்லை. 2007இல் வந்த டெபியன் பதிப்பில் அவற்றுக்கு இடமில்லாமல் போனது. ஆர்வலர்கள் விட்டார்களா? தனியாகத் தொடர்ந்து, இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள்!

நெட்பி.எஸ்.டி. என்ற இன்னொரு கட்டற்ற இயங்குதளம் வேறு வழி கண்டது. வேகமான புதுக் கணினியிலேயே, பழைய வாக்ஸ் கணினிக்கான இயங்குதளத்தைக் கட்டிக்கொள்ளலாம்! அதன் உறவான ஓபன்பி.எஸ்.டி.யோ அந்தந்தக் கணினியிலேயே கட்ட வேண்டும் என்ற கொள்கையில் உறுதியாக நின்றது. 2016இல் வாக்ஸுக்கு விடைகொடுக்கும் வரை, அந்த மெதுவான கணினிகள் தங்களுக்கான இயங்குதளத்தைத் தாங்களே கட்டின!

7.52 நொடியில் கெர்னல்! தெரியுமா?

மற்றவர்கள் மணிக்கணக்கில் காத்திருந்த காலம். 2002 மார்ச்சில் ஆன்டன் பிளான்சார்டு, ஐ.பி.எம்.மின் 32 புராசசர் கொண்ட பவர்4 கணினியில் லினக்ஸ் கெர்னலை 7.52 நொடியில் கம்பைல் செய்து காட்டினார்! சரி, அது பெரிய நிறுவனத்துக் கணினி. 2004இல் ஃபாப்ரிஸ் பெல்லார்டு செய்ததைக் கேளுங்கள். ‘டி.சி.சி.’ என்ற தம் குட்டிக் கம்பைலரை வைத்து, சாதாரண 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4இல், கணினி கிளம்பும்போதே கெர்னலை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து இயக்கினார். எல்லாம் 15 நொடிக்குள்! வேகம் வன்பொருளில் மட்டும் இல்லை, கம்பைலரின் எழுத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஊர் கூடித் தேர் இழுக்கலாம், தெரியுமா?

ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் பூல் எழுதிய ‘டிஸ்ட்சிசி’, கம்பைல் வேலையை வலையில் இணைந்த பல கணினிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும். அதே நாட்டின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதிய ‘சிகேஷ்’, முன்பு கம்பைல் செய்த முடிவுகளைச் சேர்த்து வைத்து, அதே வேலை மறுபடி வந்தால் உடனே எடுத்துக் கொடுக்கும். ஒரு தமிழ்ப்பள்ளிக் கணினி அறையில் பத்துப் பழைய கணினிகள் இருக்கின்றனவா? பள்ளி விட்ட பிறகு அவை பத்தும் சேர்ந்தால் ஒரு பெரிய கணினி!

எவ்வளவு மெதுவான கணினியிலும் லினக்ஸ் கிளம்பும், தெரியுமா?

2012இல் டிமிட்ரி கிரின்பெர்க், ஓர் எட்டு பிட் சில்லில் லினக்ஸை ஓட்டினார். கட்டளை வரி வரவே இரண்டு மணி நேரம். உபுண்டு என்ற லினக்ஸ் வகை முழுதாகக் கிளம்ப இன்னும் நாலு மணி நேரம்! 2024இல் அதையும் மிஞ்சினார். 1971இல் வந்த இன்டெல் 4004 சில்லில் லினக்ஸ் கிளம்ப ஏறக்குறைய ஐந்து நாள் ஆனது. ஐந்து நாள்! ஆனால் கிளம்பியது!

357 பைட்டில் இருந்து ஓர் உலகம் தெரியுமா?

கம்பைலரைக் கட்ட இன்னொரு கம்பைலர் வேண்டும். அப்படியானால் முதல் கம்பைலர்? 2023இல் ‘கிக்ஸ்’ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் குழுவினர் பிரமிக்க வைத்தார்கள். வெறும் 357 பைட் அளவுள்ள ஒரு குட்டி நிரலில் தொடங்கி, அதைக் கொண்டு கொஞ்சம் பெரியது, அதைக் கொண்டு இன்னும் பெரியது என்று படிப்படியாக ஏறி, ஜி.சி.சி. வரைக்கும், அதற்கு மேலும் மூலநிரலிலிருந்தே கட்டினார்கள். இந்தப் பத்தியின் எழுத்துகளைக் கணினியில் சேமித்தால்கூட 357 பைட்டைத் தாண்டிவிடும்!

தமிழுக்கு இதனால் என்ன நன்மை தெரியுமா?

2001இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் கே.டி.இ., க்னோம் போன்ற லினக்ஸ் மேசைத்தளங்களைப் பல நாட்டுத் தமிழர்கள் ஊதியம் வாங்காமல் மொழிபெயர்த்தார்கள். மூலநிரல் திறந்திருந்ததால் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை! மென்பொருளை கம்பைல் செய்ய மணிக்கணக்கு ஆகலாம். மொழிபெயர்ப்புக் கோப்பை கம்பைல் செய்யச் சில நொடிதான். பழைய கணினி வைத்திருப்பவரும் தாம் எழுதிய தமிழ்ச் சொல்லை உடனே திரையில் பார்த்துவிடலாம்!

இதெல்லாம் இப்போது எதற்கு, தெரியுமா?

2017இல் ஆர்ச் லினக்ஸ் பழைய 32 பிட் கணினிகளுக்கான ஆதரவை நிறுத்தியது. 2019இல் உபுண்டு நிறுத்தியது. 2025இல் வந்த டெபியன் 13இல் அவற்றுக்கான நிறுவியே இல்லை. கடைக்காரர் “இனி ஒன்றும் ஓடாது” என்பார். நம்பாதீர்கள்! மூலநிரல் உள்ளவரை கதவு மூடவில்லை. எல்லாவற்றையும் கட்ட முடியாதுதான். குரோமியம் உலாவியைக் கட்ட குறைந்தது 8 கிகாபைட் நினைவகமும் 100 கிகாபைட் இடமும் கேட்பார்கள். ஆனால் உரை எழுத, நிரல் பழக, கணக்குப் போட, பாட்டுக் கேட்க வேண்டிய மென்பொருள்களைப் பழைய கணினியே கட்டிக்கொள்ளும்.

பழைய கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் பிள்ளைகளிடம் ஒரு வார இறுதிக்குக் கொடுத்துப் பாருங்கள். விசிறியைத் துடைத்து, பேட்டரியை மாற்றி, ‘குனு ஹெல்லோ’ என்ற குட்டி மென்பொருளில் தொடங்கச் சொல்லுங்கள். கட்டளைக்கு முன்னால் ‘டைம்’ என்று சேர்த்தால் எவ்வளவு நேரம் எடுத்தது என்று கணினியே சொல்லும். அடுத்து பினுட்டில்ஸ். அது எடுத்த நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டட்டும். அதுதான் உங்கள் வீட்டு எஸ்.பி.யு.! அந்த ஓர் எண்ணை வைத்து மிச்ச மென்பொருளின் நேரத்தையெல்லாம் பிள்ளை தானே கணக்குப் போட்டுச் சொல்லும். வாங்கி வந்த பெட்டிக்குள் நடப்பதைத் தன் கையால் கட்டிப் பார்த்த பிள்ளைக்குக் கணினி அதற்குப் பிறகு அந்நியப் பொருளே அல்ல!